புல்வெட்டி, டிரிம்மர், புளோயர்: மூன்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்த அனுபவம்

வீட்டைச் சுற்றியுள்ள புல்தரையைப் பராமரிக்க எங்களிடம் இருந்த பெட்ரோல் புல்வெட்டி, சுழலும் நைலான் நூலால் ஓரப் புல்லை வெட்டும் டிரிம்மர், உதிர்ந்த இலைகளைக் காற்றால் ஊதித் தள்ளும் புளோயர் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தம் ஆயுளை முடித்துக்கொண்டன. புல்வெட்டியின் பிளேடை மூடியிருக்கும் இரும்பு டெக் துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. டிரிம்மரின் கார்பரேட்டருக்கு உதிரிபாகம் கிடைப்பது நின்றுபோயிருந்தது. புளோயர் கிளம்பிவிட்டால் நன்றாக ஓடும், ஆனால் கிளம்புவதா வேண்டாமா என்பதை அதுவே முடிவு செய்தது. மூன்றையும் புதிதாக வாங்குவது என்றானபோது, ஒவ்வொன்றிலும் சிறந்தது எது என்று தனித்தனியே தேடுவதைவிட, மூன்றையும் ஒரு தொகுப்பாக எண்ணித் தேர்ந்தெடுப்பதே பொருத்தம் என்று எனக்குப் பட்டது. ஒரே கொட்டகையில் நிற்கப்போகிறவை, ஒரே ஆள் ஒரே காலைப்பொழுதில் அடுத்தடுத்துக் கையில் எடுக்கப்போகிறவை, பேட்டரியில் ஓடுபவையாக இருந்தால் அந்தப் பேட்டரியையும் பங்கிட்டுக்கொள்ளப்போகிறவை என்பதால், ஒன்றின் தேர்வு மற்ற இரண்டையும் கட்டுப்படுத்திவிடுகிறது.

கடைக்குச் செல்லுமுன் அளவுநாடாவுடன் வெளியே இறங்கியதுதான் இந்தத் தேர்வில் எனக்கு அதிகம் பயன்பட்ட வேலை. மனையின் மொத்தப் பரப்பு இங்கே உதவாது. வீடு, வண்டி நிறுத்தும் இடம், நடைபாதை, செடிப் பாத்திகள் ஆகியவற்றைக் கழித்துவிட்டு மிஞ்சும் புல்தரையே கணக்கு. எங்களுக்கு அது சுமார் 400 சதுர மீட்டராக வந்தது. 46 செ.மீ. வெட்டு அகலமுள்ள புல்வெட்டியைத் தள்ளும்போது, இடையில் புல் விடுபடாதிருக்க ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் மேல் சற்றே படிய வேண்டும் என்பதால், நடைமுறையில் 40 செ.மீ. அகலமே பயனில் கிடைக்கும். அந்தக் கணக்கில் 400 சதுர மீட்டருக்கு 1 கி.மீ. நடக்க வேண்டும். 53 செ.மீ. இயந்திரத்தில் இது ஏறக்குறைய 850 மீட்டராகக் குறைகிறது; 36 செ.மீ. இயந்திரத்தில் 1,300 மீட்டரைத் தாண்டுகிறது. ஆக, பெரிய இயந்திரம் எனக்கு மிச்சப்படுத்தித் தருவது 150 மீட்டர் நடை, அதாவது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களுக்காகப் பாத்திகளுக்கும் மரங்களுக்கும் இடையே கனமான ஒன்றை ஒவ்வொரு முறையும் இழுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். திறந்த, தடையற்ற பரப்பு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு நேர்மாறாக அமையும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பரப்பளவோடு வேறு சிலவற்றையும் குறித்துக்கொண்டேன். டிரிம்மரின் வேலை சதுர மீட்டரில் அளக்கப்படுவதில்லை. வேலியோரம், சுவரோரம், பாத்தி விளிம்பு, நடைபாதையின் இருபுறம் ஆகியவற்றின் நீளமே அதன் வேலை. சிறிய புல்தரையைச் சுற்றி நீண்ட வேலி இருந்தால் புல்வெட்டியைவிட டிரிம்மரே நீண்ட நேரம் ஓடும். பின்பக்கக் கதவின் அகலம், கொட்டகையில் புல்வெட்டியை நிமிர்த்தி நிறுத்த இடமிருக்கிறதா, எந்த மரத்தின் இலைகள் எந்தப் பருவத்தில் எவ்வளவு உதிர்கின்றன என்பனவும் பட்டியலில் சேர்ந்தன. சரிவைப் பொறுத்தவரை, பெரும்பாலான கையேடுகள் வரம்பாகக் குறிப்பிடும் 15 டிகிரி என்பது 1 மீட்டர் கிடைத்தூரத்துக்குச் சுமார் 27 செ.மீ. உயர்வு, ஒரு நீளமான பலகையையும் மட்டக்கோலையும் வைத்து இதை எவரும் அளந்துவிடலாம். பின்னால் நடந்து தள்ளும் புல்வெட்டியைச் சரிவின் குறுக்காகத்தான் ஓட்ட வேண்டும். மேலும் கீழுமாக ஓட்டினால் கால் வழுக்கும்போது இயந்திரம் காலின் மேலேயே வந்துவிடும். ஏறி அமர்ந்து ஓட்டும் வகைக்கு விதி நேர் எதிரானது, ஏனெனில் அது குறுக்கே போனால் பக்கவாட்டில் கவிழக்கூடும்.

அடுத்தது எரிசக்தி. பெட்ரோலை முற்றாக ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உயர்ந்து அடர்ந்த ஈரப்புல்லை மணிக்கணக்கில் வெட்ட வேண்டிய பெரிய நிலத்தில், தொட்டியில் மீண்டும் பெட்ரோலை ஊற்றி ஓட்டிக்கொண்டே போகலாம் என்ற வசதிக்கு இன்றும் ஈடு குறைவு. ஆனால் வீட்டுப் புல்தரையில் இந்த எஞ்சின்கள் ஓடும் நேரத்தைவிடச் சும்மா நிற்கும் நேரமே அதிகம், கேடு வருவதும் அப்போதுதான். நீண்ட காலமாக இத்தகைய இயந்திரங்களைப் பழுதுபார்த்துவரும் ஒருவரிடம் விசாரித்தபோது, எஞ்சின் தேய்ந்து தம்மிடம் வருபவை குறைவு என்றும், உள்ளே நின்ற பெட்ரோல் கெட்டு வருபவையே அதிகம் என்றும் சொன்னார். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நின்றால் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டு, எஞ்சியது பிசினாகிக் கார்பரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். பெரும்பாலான சிறிய எஞ்சின்களுக்கு எத்தனால் 10 சதவீதம் வரைதான் அனுமதி. டூ-ஸ்ட்ரோக் டிரிம்மருக்கும் புளோயருக்கும் பெட்ரோலோடு எண்ணெய் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 40-க்கு 1 என்றால் 25 மி.லி. புல்வெட்டியின் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கோ எண்ணெய் கலக்காத பெட்ரோலும் தனியாக எஞ்சின் எண்ணெயும் வேண்டும். ஆகவே பெட்ரோல் வழியில் போனால் வீட்டில் இரண்டு கேன்கள், அவற்றை மாற்றி எடுத்துவிடாமல் இருக்கத் தெளிவான அடையாளம், ஓய்வுப் பருவத்துக்கு முன் தொட்டியைக் காலிசெய்யும் ஒழுங்கு எல்லாம் கூடவே வரும். அந்த ஒழுங்கு உள்ளவர்களின் பெட்ரோல் இயந்திரம் முதல் இழுப்பிலேயே கிளம்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டமும் சில இடங்களில் இந்தத் தேர்வைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2024 மாடல் ஆண்டிலிருந்து இத்தகைய சிறிய பெட்ரோல் எஞ்சின்களைப் புதிதாக விற்பதை நிறுத்தியது. வாஷிங்டன் நகரம் பெட்ரோல் புளோயர்களின் பயன்பாட்டையே 2022 தொடக்கத்திலிருந்து தடைசெய்துள்ளது. வாங்குமுன் தம் உள்ளாட்சியின் ஒலி விதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்வது எவருக்கும் நல்லது. வயர் போட்டு ஓட்டும் மின்சார வகை மிகச் சிறிய புல்தரைக்குப் போதுமானது, எடை குறைவு, பராமரிப்பும் ஏறக்குறைய இல்லை. ஆனால் 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்புச் சுவிட்ச் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. நீட்டிப்பு வயர் மெல்லியதாக இருந்தால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடாகும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். எங்கள் மரங்களையும் பாத்திகளையும் சுற்றி வயரை இழுத்துக்கொண்டு நடப்பதை எண்ணிப் பார்த்ததும் அந்த வழியை விட்டுவிட்டேன். எல்லைக்கம்பி பதித்தோ செயற்கைக்கோள் வழிகாட்டலிலோ தானே ஓடும் ரோபோ புல்வெட்டிகளும் உள்ளன. துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும் எங்கள் புல்தரைக்கு அவை ஒத்துவராததால் அதிகம் ஆராயவில்லை.

மிஞ்சியது பேட்டரி. இங்கே பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது வோல்ட் எண். பார்க்க வேண்டியதோ வாட்-மணி. லித்தியம்-அயான் செல் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுதாக மின்னேற்றியதும் 4 வோல்ட்டுக்குச் சற்று மேல் நிற்கும். ஐந்து செல்களைத் தொடராக இணைத்தால் ஒரு கணக்கில் 18 வோல்ட், இன்னொரு கணக்கில் 20 வோல்ட். இரண்டு பெயரிலும் விற்கப்படுவது ஒரே அமைப்புதான். 36 வோல்ட்டும் 40 வோல்ட்டும் அவ்வாறே பத்து செல்கள். 20 என்பது 18-ஐவிடப் பலமானது என்று எண்ணிக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. பெயரளவு வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் பேட்டரியில் அடங்கியுள்ள ஆற்றல் கிடைக்கும்: 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி, 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 180 வாட்-மணி. பல பேட்டரிகளின் அடிப்பக்கத்தில் இந்த எண் சிறிய எழுத்தில் அச்சாகியே இருக்கும். கடையில் நான் செய்த முதல் காரியம் பேட்டரிகளைப் புரட்டிப் பார்த்ததுதான்.

இந்தக் கணக்கை மூன்று இயந்திரங்களுக்கும் போட்டபோதுதான் தொகுப்பாக வாங்குவதன் பொருள் விளங்கியது. புல்வெட்டி சராசரியாக 800 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 20 நிமிட வேலைக்குச் சுமார் 270 வாட்-மணி தேவை. டிரிம்மர் 350 வாட் இழுத்தால் 180 வாட்-மணிப் பேட்டரி அரைமணி நேரம் தாங்கும். புளோயரோ முழு வேகத்தில் 900 வாட் இழுத்தால் அதே பேட்டரியை 12 நிமிடங்களில் காலிசெய்துவிடும். மூன்றில் சிறியதாகவும் எளியதாகவும் தோன்றும் கருவிதான் பேட்டரியை அதிகம் தின்கிறது. புல்வெட்டியின் பிளேடு மெல்லிய புல்லில் இளைப்பாறும். காற்றைத் தள்ளும் விசிறிக்கு அப்படி ஓய்வே கிடையாது. ஆகவே எந்த நிறுவனத்தின் பேட்டரிக் குடும்பத்தில் சேருவது என்பதைப் புல்வெட்டியை வைத்துத் தீர்மானிக்காமல், புளோயரை வைத்துத் தீர்மானித்தேன். 18 வோல்ட் குடும்பங்களின் டிரிம்மர்கள் இலகுவாகவும் இனிமையாகவும் இருந்தன. ஆனால் அவற்றின் புளோயர்கள் காய்ந்த இலைகளுக்கு மேல் எதையும் அசைக்கவில்லை. 36 வோல்ட் குடும்பத்தில் புளோயர் போதுமானதாக இருந்தது, டிரிம்மர் சற்றே கனத்தது. அந்தக் கனத்தை ஏற்றுக்கொண்டு, தனியே பெரிய பேட்டரி ஒன்றை வாங்காமல் சம அளவில் இரண்டு பேட்டரிகள் வாங்கினோம். புல்வெட்டியில் இரண்டும் மாறி மாறி ஓடுகின்றன; ஒன்று டிரிம்மரில் இருக்கும்போது மற்றது மின்னேறுகிறது; ஒன்று பழுதானாலும் வேலை நின்றுபோவதில்லை.

பேட்டரியின் விலை சில வேளை இயந்திரத்தின் விலையை நெருங்குகிறது என்பதால், அதன் ஆயுளைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இயந்திரத்துக்கு ஒரு உத்தரவாதக் காலமும் பேட்டரிக்கு அதைவிடக் குறைந்த காலமும் இருப்பது வழக்கம். விளம்பரத்தில் தெரிவது பெரும்பாலும் முதலாவது. லித்தியம் பேட்டரிக்கு வெப்பமே பெரிய எதிரி. வேலை முடிந்த சூட்டோடு மின்னேற்றியில் செருகினால், நல்ல மின்னேற்றி அது ஆறும்வரை காத்திருக்கும். உறைநிலைக்குக் கீழே மின்னேற்றுவது செல்களுக்கு நிலையான கேட்டை விளைவிக்கும். நீண்ட நாள் பயன்படுத்தப்போவதில்லை என்றால் ஏறக்குறைய பாதி மின்னேற்றத்தில், குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. முழுதாக ஏற்றியோ முழுதாக வடித்தோ வைப்பது நல்லதன்று. வெயிலில் கொதிக்கும் கொட்டகையில் இயந்திரங்கள் இருக்கட்டும். பேட்டரிகளை நாங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறோம்.

புல்வெட்டிக்குள் வருவோம். உருளை வகையா, சுழல் வகையா என்பது முதல் கேள்வி. உருளை வகையில் சுருளாக அமைந்த பல அலகுகள் சுழன்று, கீழே நிலையாக உள்ள ஒரு தகட்டின் மேல் உரசிக் கத்தரிக்கோலைப் போலப் புல்லை நறுக்குகின்றன. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் நகரில் எட்வின் பியர்ட் பட்டிங் என்பவர், நெய்த கம்பளித் துணியின் மேற்பரப்பிலுள்ள இழைகளைச் சீராக வெட்டும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து உருவாக்கி, 1830-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றும் அடிப்படை மாறவில்லை. எஞ்சினே இல்லாமல் கையால் தள்ளும் உருளை வகை, தட்டையான சிறிய புல்தரையில், அடிக்கடி வெட்டுபவர் கையில், வேறெந்த இயந்திரமும் தராத மென்மையான வெட்டைத் தரும். ஆனால் புல் உயர்ந்துவிட்டால் அது வெட்டாமல் சாய்த்துவிடும், ஒரு சுள்ளி சிக்கினாலே நின்றுவிடும். எங்கள் மரங்கள் நாள்தோறும் சுள்ளிகளை உதிர்ப்பதால் சுழல் வகையே எடுத்தோம்.

சுழல் வகையில் வெட்டு உயரத்தின் எல்லைகளைப் பார்ப்பது, குதிரைத்திறனைப் பார்ப்பதைவிட முக்கியம் என்பது என் கருத்து. அருகம்புல் வகைகளை 15 முதல் 40 மி.மீ. உயரத்தில் வைத்திருக்கலாம், உயர வளரும் ஃபெஸ்க்யூ புல்லுக்கு 75 முதல் 100 மி.மீ. வேண்டும். சில மலிவான புல்வெட்டிகளின் அதிகபட்ச உயரமே 75 மி.மீ.; ஃபெஸ்க்யூ புல் உள்ளவர் அதை வாங்கினால் ஒவ்வொரு முறையும் அந்தக் கீழ் எல்லையிலேயே வெட்டத்தான் முடியும். ஒரே முறையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்ற விதியும் இதோடு சேர்ந்தது: 75 மி.மீ.-இல் நிறுத்த விரும்பினால் 110 மி.மீ. ஆகும்போதே வெட்டிவிட வேண்டும். உயரத்தை மாற்ற ஒரே நெம்புகோல் இருப்பதை நான் வற்புறுத்தினேன். நான்கு சக்கரங்களையும் தனித்தனியே மாற்ற வேண்டிய இயந்திரத்தில், பருவத்துக்கேற்ப உயரத்தை மாற்றும் எண்ணமே மெல்ல மறைந்துவிடும்.

வெட்டிய புல்லை என்ன செய்வது என்பதும் இயந்திரத்தைப் பிரிக்கிறது. பையில் சேகரிக்கலாம், பக்கவாட்டில் தள்ளலாம், அல்லது டெக்குக்குள்ளேயே சுழலவிட்டுப் பொடியாக நறுக்கித் தரையில் உதிர்க்கலாம். மல்ச்சிங் எனப்படும் மூன்றாவது வழியில் நைட்ரஜன் மண்ணுக்கே திரும்புகிறது, பையைக் காலிசெய்யும் வேலையும் இல்லை. பொடித்த புல் தரையில் தடித்த அடுக்காகப் படிந்துவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை. அந்த அடுக்கு பெரும்பாலும் மக்க மறுக்கும் வேர்களாலும் தண்டுகளாலும் ஆனது, இலைத்துணுக்குகளோ விரைவில் மக்கிவிடும். ஆனால் ஈரமான உயர்ந்த புல்லில் மல்ச்சிங் செய்தால் கட்டி கட்டியாக விழும். எனவே மூன்று வழிகளையும் கருவி எதுவும் இல்லாமல் மாற்றிக்கொள்ளக்கூடியதையே தேடினோம். டெக் எதனால் ஆனது என்பதில், எங்கள் பழைய இரும்பு டெக்கின் கதி தெரிந்ததால், பாலிமர் டெக்கை எடுத்தோம். அது துருவேறாது, ஆனால் கல்லடியில் விரிசல் விடக்கூடும். அலுமினிய டெக் இரண்டு குறைகளும் அற்றது, விலைதான் தடை. தானே நகரும் வசதியில் பின்சக்கர இயக்கம் மேட்டில் நன்றாகப் பிடிக்கும், குறிப்பாகப் பை நிறைந்து பின்பக்கம் கனக்கும்போது. முன்சக்கர இயக்கத்தில் கைப்பிடியைச் சற்று அழுத்தி முன்சக்கரங்களைத் தூக்கினாலே இழுவை விடுபடும் என்பதால் அடிக்கடி திருப்புவதற்கு அது எளிது. தட்டையான சிறு பரப்புக்கு இரண்டும் தேவையில்லை.

46 செ.மீ. பிளேடு நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் அதன் நுனி மணிக்குச் சுமார் 260 கி.மீ. வேகத்தில் செல்கிறது. இந்த எண்ணை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தவர், தெறிக்கும் கற்களைத் தடுக்கும் பின்பக்கத் தொங்குதட்டி உறுதியாக உள்ளதா என்று பார்க்காமல் வாங்கமாட்டார். கைப்பிடியிலுள்ள தண்டை விட்டதும் பிளேடு விரைவாக நிற்க வேண்டும். அமெரிக்காவில் 1982 முதல், பின்னால் நடந்து ஓட்டும் புல்வெட்டிகளுக்கு இது 3 விநாடிகளுக்குள் நிகழ வேண்டும் என்பது விதி. பெட்ரோல் இயந்திரமென்றால் ஸ்பார்க் பிளக் வயரையும், பேட்டரி இயந்திரமென்றால் பேட்டரியையும் கழற்றிய பின்னரே அடியில் கை வைக்க வேண்டும். பெட்ரோல் இயந்திரத்தைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேற்பக்கம் இருக்க வேண்டும், இல்லையேல் எண்ணெய் அதற்குள் இறங்கிவிடும். பிளேடு மழுங்கியதைப் புல்லே காட்டிவிடும்: நுனிகள் கிழிந்து, ஓரிரு நாளில் வெளிறிப்போகும். தீட்டியபின் நடுத்துளையில் ஓர் ஆணியை நுழைத்துத் தொங்கவிட்டு, எந்தப் பக்கம் தாழ்கிறதோ அதைச் சற்றே தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். மாற்றுப் பிளேடு எளிதில் கிடைக்குமா என்று கேட்டு, கிடைக்கும் என்றால் புல்வெட்டியோடு ஒன்றைச் சேர்த்தே வாங்கிவிடுவது வசதி.

டிரிம்மரைத் தேர்ந்தெடுப்பதில் கண்ணைவிடக் கையே நல்ல நீதிபதி. வீட்டுப் பயன்பாட்டுக்கான பேட்டரி டிரிம்மர்கள் பெரும்பாலும் 3 கிலோவுக்கும் 5 கிலோவுக்கும் இடைப்பட்டவை. ஆனால் எடையைவிட அந்த எடை எங்கே நிற்கிறது என்பதே தோளில் தெரிகிறது. கடையில் பேட்டரியோடு தூக்கி, வெட்டும் நிலையில் பிடித்து, சில நிமிடங்கள் இடவலமாக அசைத்துப் பார்க்குமாறு எல்லோருக்கும் சொல்வேன். பேட்டரி இல்லாமல் தூக்கிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. பேட்டரி பின்முனையில் அமர்ந்து தலையின் எடையைச் சமன் செய்வதால், பேட்டரியோடு கனமான டிரிம்மரே கையில் இலகுவாகத் தோன்றுவதும் உண்டு. நடுக் கைப்பிடியை முன்னும் பின்னும் நகர்த்த முடிய வேண்டும். எங்கள் வீட்டில் இருவர் உயரத்தில் மிகவும் வேறுபட்டவர்கள் என்பதால், தண்டின் நீளத்தை மாற்றக்கூடிய ஒன்றை எடுத்தோம். வளைந்த தண்டு குட்டையானவருக்கும் பாத்தி ஓரத்துக்கும் வசதி; நேரான தண்டு புதர்களுக்கடியில் எட்டும், கடினமான வேலைக்கும் தாங்கும்.

நூலின் தடிமன் 1.6, 2.0, 2.4 மி.மீ. என்று போகும். தடித்த நூல் விரைவில் அறுந்துபோகாது என்பதற்காக இயந்திரத்துக்குக் குறிப்பிட்டதைவிடத் தடித்ததைச் சுற்றினால், மோட்டார் திணறும், பேட்டரி விரைவில் தீரும். நூலை வெளியே விடும் முறைகளில், தலையைத் தரையில் தட்டினால் நூல் நீளும் ‘பம்ப்’ (bump) வகை எனக்குப் பிடித்தது. தேவைப்படும்போது மட்டும் நூல் செலவாகிறது. ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் தானே நூலை விடும் வகையில், அடிக்கடி நிறுத்தி நிறுத்தி வேலை செய்பவர்களுக்கு நூல் வீணாகும். நைலான் நாள்பட்டு உலர்ந்தால் முறுகி உடையும். சுற்றுமுன் ஓரிரவு நீரில் ஊறவைத்தால் மீண்டும் வளைந்துகொடுக்கும். அமெரிக்காவின் ஹூஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் பல்லாஸ், கார் கழுவும் இயந்திரத்தின் சுழலும் தூரிகைகளைப் பார்த்து 1971-இல் இந்தக் கருவியை உருவாக்கியதன் நோக்கமே, மரப்பட்டைக்குச் சேதமில்லாமல் அடிமரத்தைச் சுற்றியுள்ள புல்லை வெட்டுவதுதான். இன்று இளமரங்களின் பட்டையைச் சுற்றிலும் உரித்துக் கொல்வது பெரும்பாலும் இதே நூல்தான். பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசு வட்டமாக அறுபட்டால் மரம் பிழைக்காது. அதனால் நாங்கள் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் புல்லை நீக்கி, பட்டையைத் தொடாதவாறு மரத்தூள் மூடாக்குப் போட்டுவிட்டோம். டிரிம்மர் அங்கே போக வேண்டிய தேவையே நின்றது. புதர் வெட்டும் உலோக அலகு பொருத்தும் வசதியை விற்பனையாளர் வற்புறுத்தினார். கட்டியான தண்டில் பட்டால் பின்னுக்கு உதைக்கக்கூடிய அந்த அலகுக்கு எங்கள் புல்தரையில் வேலையில்லை என்பதால் மறுத்துவிட்டேன்.

புளோயரில் இரண்டு எண்கள் போட்டியிடும்: மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று, அந்தக் காற்றின் வேகம் என்ன. குழாயின் முனையைக் குறுக்கினாலே வேகம் கூடும், காற்றின் அளவு குறையும். ஆகவே வேகத்தை மட்டும் பெரிதாக அச்சிட்டிருந்தால் ஐயுற வேண்டும். இரண்டும் சேர்ந்து தரும் தள்ளுவிசையை நியூட்டனில் சொல்லும் நிறுவனங்கள் நமக்கு உதவுகின்றன; சொல்லாவிட்டால் நாமே ஏறத்தாழக் கணக்கிடலாம். காற்றின் அடர்த்தியை கன மீட்டருக்கு 1.2 கிலோவாகக் கொண்டு, விநாடிக்கு வெளிவரும் கன மீட்டராலும் விநாடிக்கு மீட்டரிலான வேகத்தாலும் பெருக்க வேண்டும். மணிக்கு 600 கன மீட்டர், விநாடிக்கு 50 மீட்டர் என்றால் 10 நியூட்டன்; மணிக்கு 1,000 கன மீட்டர், விநாடிக்கு 40 மீட்டர் என்றால் 13 நியூட்டனுக்கு மேல். வேகம் குறைந்த இரண்டாவதே அதிகம் தள்ளுகிறது. விளம்பரத்திலுள்ள உச்ச அளவுகள் வெவ்வேறு அமைப்புகளில் எடுக்கப்பட்டவையாக இருக்கலாம் என்பதால், இந்தக் கணக்கை ஒப்பிடுவதற்கான தோராயமாகவே பயன்படுத்தினேன். நடைபாதையில் சிதறிய புல்துணுக்குகளுக்குச் சிறியதே போதும். ஈர இலைகளுக்குத்தான் விசை வேண்டும். அவற்றையும் வெயிலில் ஓரளவு உலரவிட்டால் பாதி வேலை தானே முடிந்துவிடும். வேகத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச் இருப்பது பேட்டரியைக் காக்கிறது. எங்கள் வேலையில் பெரும்பகுதி பாதி வேகத்திலேயே முடிகிறது.

ஒலியை அறிவிக்கும் முறையிலும் கவனம் தேவை. புளோயர்களுக்குச் சில இடங்களில் 15 மீட்டர் தொலைவில் அளந்த டெசிபல் அச்சிடப்படுகிறது. அது அண்டை வீட்டாருக்கான எண், ஓட்டுபவரின் காதுக்கானது அன்று. திறந்தவெளியில் தொலைவு பாதியாகும்போதெல்லாம் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் கூடுவதால், 15 மீட்டரில் 65 டெசிபல் என்பது 1 மீட்டர் அருகில் 89 டெசிபலை எட்டும். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலை 8 மணி நேர வரம்பாகவும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாவதாகவும் பரிந்துரைக்கிறது. பேட்டரி புளோயர் பெட்ரோலைவிட அமைதியானது என்பது உண்மை. காதுமூடி வேண்டாம் என்ற அளவுக்கு அமைதியானது அன்று. கண்ணாடிக் காப்பையும் மூடிய காலணியையும் டிரிம்மரோடு சேர்ந்த பொருள்களாகவே நாங்கள் கருதுகிறோம்.

வாங்கிய பொருள்களைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் மூன்றையும் மெய்யான வேலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சிமென்ட் தளத்தில் புல்வெட்டியை நிறுத்திப் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிளேடின் நுனி இடப்புறமும் வலப்புறமும் தளத்திலிருந்து ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று அளந்தோம். வழக்கமான உயரத்தில் புல்தரை முழுவதையும் வெட்டி, பேட்டரியில் எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்தோம்; புளோயரை முழு வேகத்தில் விட்டுப் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடிகாரத்தில் குறித்தோம்; டிரிம்மரில் ஒரு சுருள் நூலையும் தீரும்வரை ஓட்டினோம். டிரிம்மரின் பம்ப் தலை நூலைச் சீராக விடாமல் நடுவில் சிக்கிக்கொள்வது இரண்டாவது சுருளில்தான் தெரிந்தது. கெடுவுக்குள் எடுத்துச் சென்றதால் கடையில் தலையை மட்டும் மாற்றித் தந்தார்கள்.